ஏணை, தொட்டில், ஒரு சோடா ரின்

அக்காவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் கனடாவிலிருந்து அந்தப் பெட்டி வந்தது. கப்பலில் வந்த பெரிய கார்கோ பெட்டி. உள்ளே வழமைபோல சவர்க்காரம், சொக்லேற், பாவித்த உடுப்புகள். அவற்றுக்கு அடியில், பழைய போர்வைகளால் சுற்றிக் கட்டியபடி, கழற்றிய ஒரு மரத்தொட்டில். பெரியம்மாவின் மூன்று பிள்ளைகளும் ரொறன்ரோவில் படுத்து வளர்ந்த தொட்டில். "எங்கட பேரப்பிள்ளையளும் இதிலதான் வளரோணும்" எண்டு பெரியம்மா வட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பியிருந்தா.

அம்மா அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. பிள்ளை பிறக்க முதல் தொட்டில் வீட்டுக்குள் வரக்கூடாதாம். வெறுந்தொட்டிலை ஆட்டவும் கூடாதாம். அதனால் அது பின்பக்கக் கொட்டிலுக்குப் போனது. அத்தான் கட்டாரில். அப்பாவுக்குக் கடையை விட்டு அசைய ஏலாது. ஆகவே அதைப் பூட்டிப் பார்க்கிற வேலை, தாய்மாமனாகப் போகிற என் தலையில் விழுந்தது. நான் கலைப்பீட மாணவன். மரவேலைக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, விரிவுரை மண்டபத்து வாங்கில் நித்திரை கொண்டதுதான். 

எண்டாலும் ஒரு சனிக்கிழமை திருநெல்வேலியில் பஸ் ஏறி, கிளிநொச்சியில் இறங்கி, வீட்டுக்குப் போய், கொட்டிலுக்குள் இருந்து தொட்டிலைப் பூட்டத் தொடங்கினேன். பலகைகள் நல்ல உறுதி. ஆனால் இரண்டு ஸ்குரூவைக் காணவில்லை. ஒரு பக்கம் மேலும் கீழும் வழுக்கி இறங்கும்படி செய்யப்பட்டிருந்தது. தாய் குனியாமல் பிள்ளையைத் தூக்க வசதியாக இருக்குமாம். அதைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொழுக்கிகளில் ஒன்று உடைந்திருந்தது. யாரோ அதைக் கம்பியால் சுற்றி வைத்திருந்தார்கள். அடியில் ஒட்டியிருந்த லேபிளில் 1997 எண்டு போட்டிருந்தது. உடைந்த கொழுக்கிக்குப் பதில் ஒன்று கிடைக்குமோ எண்டு பார்க்கத்தான் போனை எடுத்தேன். 

கொழுக்கி கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. இப்படிப் பக்கம் இறங்கும் தொட்டில்களை அமெரிக்கா 2011 யூனில் தடைசெய்திருக்கிறது. கனடா 2016 இல் தடைசெய்திருக்கிறது. காரணம் எங்கள் கொட்டிலிலேயே என் முன்னால் நின்றது. கொழுக்கி தேய்ந்தாலோ ஸ்குரூ இளகினாலோ, இறங்கும் பக்கத்தின் ஒரு மூலை மட்டும் கழன்றுவிடும். மெத்தைக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு இடைவெளி திறக்கும். பிள்ளை உருண்டு அதற்குள் போனால் உடம்பு இறங்கிவிடும், தலை சிக்கிவிடும். அழச் சத்தமும் வராது. அப்படிச் செத்த பிள்ளைகளின் கணக்கு வந்த பிறகுதான் அந்தச் சட்டங்கள் வந்தன. 

இன்னொன்றையும் வாசித்தேன். கனடாவில் இப்போது அந்தத் தொட்டிலை விற்கவும் கூடாது, சும்மா குடுக்கவும் கூடாது. அங்கே பக்கத்து வீட்டுக்குக் குடுக்க ஏலாத ஒரு சாமான், கப்பலேறி எங்கள் வீட்டுக்கு அன்பளிப்பாக வந்திருந்தது. பெரியம்மாவுக்கு அது தெரியாது. அவவின் பேஸ்மெண்ட்டில் அது இருபது வருஷம் துணியால் மூடப்பட்டுக் கிடந்தது. சட்டம் மாறினது அந்தத் துணிக்குக் கீழே எப்படித் தெரியும்?

இதுவரைக்கும் நான் செய்தது சரி. அடுத்ததாகச் செய்தது பிழை. அந்தச் சூட்டோடேயே பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். "பெரியம்மா, இது தடைசெய்த தொட்டில். உங்கட நாட்டிலேயே சட்டவிரோதம்" எண்டு, ஏதோ விவாதப் போட்டியில் கதைக்கிற மாதிரிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "என்ர மூண்டு பிள்ளையளும் அதிலதான் கிடந்ததுகள் தம்பி. ஒண்டும் நடக்கேல்லை" எண்டா. நான் அதற்கும் விடவில்லை. "நடக்காத ஆக்கள்தானே வந்து சொல்லுவினம்" எண்டேன். லொஜிக்கில் அது சரியான பதில். அவ போனை வைத்துவிட்டா.

இரவு அம்மா என்னைக் கூப்பிட்டு இருத்தினா. பெரியம்மா கனடாவுக்குப் போன முதல் வருஷம் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவ எண்டும், அந்தச் சம்பளத்தில் அவ தனக்கெண்டு ஒன்றும் வாங்கவில்லை, முதலில் வாங்கினது அந்தத் தொட்டில்தான் எண்டும் சொன்னா. "நீ சொன்னது சரியாயிருக்கலாம். ஆனா நீ அவவுக்குச் சொன்னது தொட்டிலைப் பற்றி இல்லை. நீ உன்ர பிள்ளையளைச் சாகக் குடுக்கப் பாத்தனி எண்டுதான் அவவுக்குக் கேட்டிருக்கும்."

நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அம்மாவோடு எனக்கு இன்னொரு கதை மிச்சமிருந்தது. அதுதான் ஏணை. 

எங்கட பக்கம் வளையில் சீலையைக் கட்டித் தொங்கவிடுவதை ஏணை எண்டுவோம். மரத்தில் செய்வது தொட்டில். கடைக்காரர்களுக்கு அது 'பேபி கொட்'. கனடாத் தொட்டில் சரிவராது எண்டதும் அம்மாவுக்குச் சந்தோசம்தான். "அப்ப ஏணை கட்டுவம். செலவும் இல்லை" எண்டா. நான் வாசித்ததை இந்த முறை கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். ஏணைக்குள் பிள்ளையின் முதுகு வளையும், நாடி நெஞ்சில் போய் முட்டும், பச்சைப் பிள்ளைக்குக் கழுத்தை நிமிர்த்தத் தெரியாது, அதால் மூச்சுப் பாதை ஒடுங்கலாம். பிரளத் தொடங்கினால் சீலை முகத்தை மூடலாம். வளர்ந்த பிள்ளைகள் ஏணையில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிச் செத்த செய்திகள் இங்கேயும் தமிழ்நாட்டிலும் இடைக்கிடை பேப்பரில் வருவது அம்மாவுக்கும் தெரியும். 

அம்மா எல்லாத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னா: 

"உன்ர தங்கச்சியை நான் எதில வளத்தனான் தெரியுமே? ஒரு சீலையில. இடம் மாற மாற மரத்தில கட்டினன், கூடாரத் தடியில கட்டினன். ஷெல் சத்தம் கேட்டா ஒரு கையால அவிழ்த்து, பிள்ளையோட அள்ளிக்கொண்டு பங்கருக்க இறங்கலாம். செட்டிகுளம் முகாமுக்கும் அந்தச் சீலைதான் வந்தது. உந்தத் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவியே?"

2009 இல் எனக்கு ஆறு வயது. அந்தச் சீலையின் நிறம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஊதா. தங்கச்சி இப்போது ஏ.எல். படிக்கிறாள்.

அம்மா கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. திங்கட்கிழமை யாழ்ப்பாணம் திரும்பும் பஸ்ஸில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பாதுகாப்பு எண்டு நானும் அம்மாவும் ஒரே சொல்லைத்தான் பாவித்தோம். ஆனால் அம்மா பயந்த ஆபத்து வேறு, நான் பயந்த ஆபத்து வேறு. அவவுக்குத் தொட்டில் எண்டால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியது. நான் போனில் வாசித்த அளவுகள் எல்லாம் ஓடத் தேவையில்லாத வீட்டுக்கு எழுதப்பட்டவை. அம்மா பிழை செய்யவில்லை. இருந்த ஆபத்துகளில் பெரியதுக்கு ஏற்றதைத் தெரிவுசெய்தா. அக்காவின் பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் அந்த ஆபத்து இல்லை. அதனால்தான் மற்றச் சின்ன ஆபத்துகளைப் பார்க்க எங்களுக்கு இப்போது கண் இருக்கிறது. இதை அடுத்த கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவ "ம்" எண்டு மட்டும் சொன்னா. அதைச் சம்மதம் எண்டு எடுத்துக்கொண்டேன். 

அதன் பிறகு கடை கடையாக ஏறி இறங்கினேன், கையில் ஒரு அளவு ரேப்பும் ஒரு சோடா ரின்னும். ரின் எதுக்கெண்டால், தொட்டிலின் பக்கச் சட்டங்களுக்கு இடையிலான இடைவெளி அமெரிக்க விதிப்படி 2⅜ அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். ஐரோப்பிய விதியில் 4.5 முதல் 6.5 வரை. சோடா ரின் அதைவிடக் கொஞ்சம் அகலம். ரின் சட்டங்களுக்கு நடுவால் உள்ளே போனால் அந்தத் தொட்டில் வேண்டாம். பச்சைப் பிள்ளைக்குத் தலைதான் பெரிது. உடம்பு போகிற இடைவெளியால் தலை போகாது. அதில்தான் எல்லா ஆபத்தும் இருக்கிறது. 

முதல் கடையில் ரின் லேசாக உள்ளே போய் வெளியே வந்தது. "முதல் பிள்ளையோ தம்பி?" எண்டு கடைக்காரர் கேட்டார். அக்காவின் பிள்ளை எண்டு சொன்னாலும் நம்பாத மாதிரிச் சிரித்தார். இரண்டாவது கடையில் சட்டங்கள் சரி, ஆனால் மெத்தை மெல்லிய பஞ்சு. கையை வைத்து அழுத்தினால் கையின் பதிவு அப்படியே நிற்கிறது. கை எடுத்தவுடன் மேலெழும்பும் மெத்தைதான் வேணும். முகம் குப்புறப் போனாலும் மூக்கு புதையாத மெத்தை. மூன்றாவது கடையில் இருந்ததுதான் வடிவான தொட்டில். நாலு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்த பூப்போட்ட திண்டு, இதய வடிவில் தலையணை, கரடிப் பொம்மை, லேஸ் வைத்த நுளம்பு வலை. அக்காவுக்குப் படம் அனுப்பினேன். "ஐயோ வடிவு!" எண்டு உடனே பதில் வந்தது.

அந்தத் தொட்டிலுக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அதில் இருந்த ஒவ்வொரு சாமானும் பார்க்கிற எங்களுக்கானது. படுக்கிற பிள்ளைக்கு அதில் ஒன்றும் தேவையில்லை. பஞ்சுத் திண்டில் முகம் புதையலாம், அதன் கட்டு நாடாக்கள் கழுத்தில் சுற்றலாம். அமெரிக்காவில் 2022 இல் அந்தத் திண்டுகளுக்கே தடை வந்தது. சரிவாகப் படுக்கவைக்கும் படுக்கைகளும் அதே சட்டத்தில் போயின. தலையணை, பொம்மை, போர்வை எல்லாமே முதல் வருஷத்தில் வேண்டாதவை. கிளிநொச்சி வெயிலுக்குப் போர்வை வேறு எதுக்கு? பிள்ளைக்கு உடம்பு சூடேறுவதும் கூடாது.

நாங்கள் அன்பு காட்டுகிற விதம் சேர்ப்பது. பெரியம்மா பெட்டிக்குள் சேர்ப்பா, மாமி இலவம்பஞ்சில் குட்டித் தலையணை தைப்பா, கடைக்காரர் லேஸ் சேர்ப்பார். தொட்டில் பாதுகாப்பாக வேணுமெண்டால் செய்ய வேண்டியது நேரெதிர், ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது. கடைசியில் ஒரு இறுக்கமான மெத்தை, அதில் இழுத்து மாட்டிய ஒரு விரிப்பு, மல்லாந்து படுத்த ஒரு பிள்ளை. வேறொன்றும் இல்லை. பார்க்க வறுமையாகத்தான் இருக்கும். 

கடைசியாக எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் தச்சு வேலை செய்யும் அண்ணையிடம் போனேன். ரெடிமேட் தொட்டிலின் காசுக்கு அவர் வேப்பம் பலகையில் செய்து தருவதாகச் சொன்னார். நான் கொப்பியில் கீறிக்கொண்டு போன படத்தைப் பார்த்தார். மூலைக் கால்களின் தலையில் கடைச்சல் வேலை செய்து குமிழ் வைப்பம் எண்டார். வேண்டாம் அண்ணை, உடுப்புக் கொழுவினால் பிள்ளை தொங்கும், தலை மட்டமாக இருக்கட்டும் எண்டேன். ஆணி வேண்டாம், ஆட்டம் காணும், ஸ்குரூவும் போல்ட்டும் போடுங்கோ எண்டேன். பழைய பெயின்ட் ரின் ஒன்று கிடக்குது, அடிச்சு விடவோ எண்டார். அதுவும் வேண்டாம் எண்டேன். பழைய பெயின்ட்களில் ஈயம் இருந்தது. பல் முளைக்கிற பிள்ளை முதலில் கடிப்பது தொட்டிலின் மேற்சட்டத்தைத்தான். 

"எல்லாம் வேண்டாம் வேண்டாம் எண்டா, தம்பி, நான் என்னத்தைத்தான் செய்யிறது?" எண்டு சிரித்தார். ஆனால் சட்டங்களுக்கு இடையில் 5.5 சென்ரிமீற்றர் வைத்து, ஒவ்வொன்றையும் கை வைத்துப் பார்த்து, சிலாம்பு இல்லாமல் தேய்த்துத் தந்தார். மெத்தைத் தட்டை இரண்டு உயரத்தில் பூட்டலாம். பச்சைப் பிள்ளைக்கு மேல் தட்டு, எழும்பி இருக்கத் தொடங்க முதல் கீழ்த் தட்டு. அது அவரே யோசித்துச் செய்தது. மெத்தையைப் பிறகு அளவுக்கு வெட்டுவித்தோம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது எண்டது கணக்கு. 

மருமகள் பிறந்தாள். நாள் பார்த்துத்தான் தொட்டில் வீட்டுக்குள் வந்தது. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் வைத்தோம். வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் தொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளையை எப்பவும் மல்லாத்தித்தான் வளத்தோணும்" எண்டா. அம்மா பெருமையாக, "நாங்கள் எப்பவும் அப்பிடித்தானே" எண்டா. 

அதில் அம்மா சரி. இதை நான் வாசித்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அமெரிக்கத் தாய்மார் வேதம்போல வைத்திருந்த டொக்டர் பெஞ்சமின் ஸ்பொக்கின் புத்தகம், 1950களின் பிற்பகுதியிலிருந்து பல பதிப்புகளில், பிள்ளைகளைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னது. நல்ல எண்ணத்தில்தான். சத்தி எடுத்தால் புரையேறாது எண்டு நினைத்தார்கள். 1980களின் கடைசியில் வந்த ஆய்வுகள் அது எவ்வளவு பிழை எண்டு காட்டின. பிரிட்டன் 1991 இலும் அமெரிக்கா 1994 இலும் மல்லாத்திப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தபிறகு, நித்திரையில் நடந்த திடீர் மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. அந்த முப்பது வருஷமும் ஏணைக்குள் பிள்ளையை மல்லாத்திய எங்கட அம்மம்மாக்கள் அந்த ஒரு விஷயத்தில் புத்தகத்தை விடச் சரியாக இருந்திருக்கிறார்கள். புத்தகம் பிழைக்கும், பழக்கமும் பிழைக்கும். எது ஏன் எண்டு கேட்டுப் பார்க்கத்தான் வேணும்.

எங்கள் வீட்டில் எல்லாம் நான் நினைத்தபடி நடக்கவில்லை. 31 கழிந்து பஞ்சாயுதம் போட்டபோது, படுக்கேக்க கழுத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது எண்டேன். பெரிய சண்டை. கடைசியில் முழித்திருக்கும்போது மட்டும் எண்டு முடிவு. காத்துக் கறுப்புக்கு எண்டு அம்மா மெத்தைக்குக் கீழே வைத்த பாக்குவெட்டி, இப்போது தொட்டிலுக்குக் கீழே நிலத்தில் இருக்கிறது. இரும்புக்கு அந்தத் தூரம் பெரிதில்லை எண்டு அம்மாவே சொல்லிவிட்டா. நுளம்பு வலையை என்னால் விட ஏலாது. டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும். ஆனால் லேஸ் வலை இல்லை. நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய, பிள்ளையின் கைக்கு எட்டாத சாதாரண வலை. மாமியின் இலவம்பஞ்சுத் தலையணை படம் எடுக்க மட்டும் வரும். ஏணையும் இருக்கிறது. அதே ஊதாச் சீலை இல்லை, புதுசு. பின்னேரம் பிள்ளை சிணுங்கும்போது அம்மா அதில் போட்டு, பக்கத்திலேயே இருந்து ஆட்டுவா. கண் சொருகினதும் தூக்கித் தொட்டிலில் வளர்த்துவா. ஏணையைப் பிள்ளை முழித்திருக்கிற நேரத்துக்கு மட்டும் வைப்பம் எண்டது அவவின் முடிவுதான். 

பெரியம்மாவோடு கதைக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. அந்தத் தொட்டிலின் இரண்டு தலைப்பலகைகளையும் தச்சு அண்ணையிடம் குடுத்துப் பிள்ளையின் உடுப்பு வைக்க ஒரு தட்டுச் செய்வித்தேன். கொழுக்கிகளையும் இறங்கும் பக்கத்தையும் வேறு யாரும் எடுத்துப் பூட்டாதபடி உடைத்தேன். தட்டின் படத்தை அனுப்பி, "பெரியம்மா, அண்டைக்கு நான் கதைச்ச விதம் பிழை" எண்டு எழுதினேன். தொட்டிலைப் பற்றிச் சொன்னது பிழை எண்டு எழுதவில்லை. இரண்டு நாள் நீலச் சரி மட்டும் விழுந்து கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: "புதுத் தொட்டில்ட மெத்தை இறுக்கமோ?" 

இறுக்கம் எண்டு பதில் போட்டேன். 

போன கிழமை வீட்டுக்குப் போனபோது இரவு பன்னிரண்டு மணியிருக்கும். தண்ணி குடிக்க எழும்பினேன். அக்கா நல்ல நித்திரை. அம்மா தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றா. வலையை விலக்கி, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தா. ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். பிறகு வலையைச் செருகிவிட்டுப் போய்ப் படுத்தா. நான் பார்த்ததை அவ காணவில்லை.